எதிர்காலத்துக்குக் கடை கிடையாது

மியூனிக் ஸ்டூடியோவில் இஸ்திரிப்பெட்டியை வைத்து விண்கலம் ஓட்டினார்கள். நம் வீட்டுப் பரணிலும் அதற்கான சாமான்கள் கிடக்கின்றன.

1966 செப்டம்பர் 17, சனிக்கிழமை இரவு. மேற்கு ஜெர்மனியின் ஏ.ஆர்.டி. தொலைக்காட்சியில், கறுப்பு வெள்ளையில், கடல் நடுவே ஒரு பெரிய நீர்ச்சுழி தோன்றுகிறது. அதன் மையத்திலிருந்து தட்டு வடிவ விண்கலம் ஒன்று மேலெழுகிறது. பெயர் ஓரியன். கதை நடக்கும் காலம் கி.பி. 3000ஐ ஒட்டி. உள்ளே தளபதியும் அவரது குழுவும் இறுகிய முகத்துடன் பொத்தான்களை அழுத்துகிறார்கள், பிடிகளைப் பற்றித் தள்ளுகிறார்கள். அந்தப் பிடிகளில் ஒன்றை உற்றுப் பார்த்தால் எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கும். இருக்காதா பின்னே! அது துணி தேய்க்கும் இஸ்திரிப்பெட்டி.

அதோடு முடியவில்லை. குளியலறைக் குழாயின் திருகுகள் மின்னணுக் கருவிகளாகியிருந்தன. பென்சில் சீவிகள் கட்டுப்பாட்டுப் பலகையில் ஏறியிருந்தன. தலைகீழாகக் கவிழ்த்து வரிசையாக ஒட்டப்பட்ட பிளாஸ்டிக் குவளைகள் எதிர்காலத்துக் கூரையாகிவிட்டன. ‘ரவும்பட்ருல்யே’, அதாவது விண்வெளி ரோந்து என்ற அந்தத் தொடர் மொத்தமே ஏழு பகுதிகள்தான். டிசம்பர் 10ஆம் தேதி முடிந்தும்போயிற்று. ஆனால் அறுபது ஆண்டுகளாக ஜெர்மானியர்கள் அதை விடவில்லை. 2003இல் அந்த ஏழு பகுதிகளையும் வெட்டித் தொகுத்துத் திரையரங்கிலேயே வெளியிட்டார்கள். ஓரியன் என்றதும் ஜெர்மனியில் முதலில் பேச்சுக்கு வருவது தளபதி மெக்லேனாக நடித்த டீட்மார் ஷேன்ஹெரோ, அவரைக் கண்காணிக்க வந்த பாதுகாப்பு அதிகாரி தமாராவாக நடித்த ஈவா ஃப்ளூகோ அல்ல. அந்த இஸ்திரிப்பெட்டிதான்.

கைசல்காஸ்டைக் பட்டறை

மியூனிக் நகரிலிருந்து 25ஆம் எண் டிராமில் ஏறித் தெற்கே போனால், கிரூன்வால்டு காட்டுப்பகுதியை ஒட்டி ‘பவேரியாஃபில்ம்பிளாட்ஸ்’ என்று ஒரு நிறுத்தம் வரும். கைசல்காஸ்டைக் எனப்படும் இந்த இடத்தில் 1919இல் படப்பிடிப்பு நிலையம் தொடங்கியது. இளம் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் தன் முதல் முழுநீளப் படத்துக்காக 1925இல் வேலை செய்தது இங்கேதான். நமக்குக் கோடம்பாக்கம் எப்படியோ, மியூனிக்வாசிகளுக்குக் கைசல்காஸ்டைக் அப்படி.

ஓரியனின் அரங்கங்களுக்குப் பொறுப்பாளர் ரோல்ஃப் ஸேஹெட்பவர். 1929இல் மியூனிக்கில் பிறந்தவர். இஸ்திரிப்பெட்டிக் கலத்தைக் கட்டிய இந்த மனிதர், இதே ஸ்டூடியோவில் எடுக்கப்பட்ட ‘கேபரே’ படத்தின் கலை இயக்கத்துக்காக 1973இல் ஆஸ்கர் மேடை ஏறினார். பின்னர் ‘தாஸ் போட்’ நீர்மூழ்கிக் கப்பலையும், ‘முடிவற்ற கதை’யின் மாய உலகத்தையும் வடிவமைத்தார். ஓரியனில் அவருடன் வேலை பார்த்த கோட்ஸ் வைட்னர் ‘தாஸ் போட்’டிலும் கூட இருந்தார். தந்திரக் காட்சிகள் தியோடோர் நிஷ்விட்ஸின் பொறுப்பு. இசை பீட்டர் தாமஸ். இவர்கள் யாரும் கத்துக்குட்டிகள் இல்லை. தத்தம் தொழிலில் கரை கண்டவர்கள்.

இவர்கள் கட்டிய உலகத்தில் கடலடியில் ஒரு கேளிக்கை விடுதி உண்டு. கண்ணாடிக் கூரைக்கு அப்பால் ராட்சத மீன்கள் நீந்த, கீழே ஜோடிகள் யாரும் அதுவரை பார்த்திராத ஒரு நடனத்தை ஆடுவார்கள். மீன்களைத் தனியே படமெடுத்து இந்தக் காட்சியோடு சேர்த்தார்கள். எதிரிகளான வேற்றுக்கிரகவாசிகளுக்கு ரப்பர் முகமூடி மாட்டாமல், மினுமினுக்கும் நிழலுருவங்களாக மட்டும் காட்டினார்கள். முகம் தெரியாததால் பயம் கூடியது. முகமூடிச் செலவும் மிச்சம்.

காசில்லாமல் செய்ததா?

இஸ்திரிப்பெட்டிக் கதையைக் கேட்டதும் எல்லோரும் சொல்வது, “பாவம், பட்ஜெட் இல்லை போலிருக்கிறது.” இந்த முடிவுக்கு அவசரப்பட வேண்டாம். ஏழு பகுதிகளுக்கும் சேர்த்துச் சுமார் 34 லட்சம் மார்க் செலவானது. அன்றைய ஜெர்மன் தொலைக்காட்சிக்கு அது பெருந்தொகை. பிரெஞ்சுத் தொலைக்காட்சியும் தயாரிப்பில் பங்கு போட்டிருந்தது. அத்தனை பணத்தை வைத்துக்கொண்டு ஏன் பென்சில் சீவியைத் தேடினார்கள்?

ஸேஹெட்பவரின் இடத்தில் நின்று பாருங்கள். ரயில் நிலையக் காட்சி என்றால் ரயில்வேயில் கேட்டு வாங்கலாம். அரண்மனை என்றால் பழம்பொருள் கடைக்குப் போகலாம். கி.பி. 3000இன் விண்கலத்துக்கு உதிரிபாகம் வேண்டுமென்றால் எந்தக் கடைக்குப் போவது? மனிதன் நிலாவில் கால் வைக்கவே இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்தன. இல்லாத ஒரு பொருளின் விசையை எவ்வளவு காசு கொடுத்தாலும் வாங்க முடியாது. ஒவ்வொன்றையும் புதிதாக வரைந்து, வார்த்து, கடைந்து எடுக்கலாம். அல்லது, ஏற்கெனவே ஒரு நல்ல வடிவமைப்பாளர் கைக்கு அடங்கும்படி வளைத்து, பளபளப்பாக்கி, ஆயிரக்கணக்கில் செய்து தள்ளிய பொருளை எடுத்து அதன் வேலையை மட்டும் மாற்றலாம். இஸ்திரிப்பெட்டியின் பிடியைவிடக் கைக்குப் பொருத்தமான பிடியை யார் புதிதாகச் செய்துவிட முடியும்?

குப்பையிலிருந்து விண்கலம் செய்வது இல்லாதவன் தேடிய குறுக்குவழி என்ற எண்ணம் தப்பு. எதிர்காலத்தைக் கட்ட நினைப்பவருக்கு, பணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இன்றைய சாமான்களைத் தவிர வேறு மூலப்பொருள் கிடையாது.

நம் ஊர் எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 1981இல் ஏவப்பட்ட ஆப்பிள் செயற்கைக்கோள் ஒரு மாட்டுவண்டியில் நிற்கும் புகைப்படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. ‘லாரிக்குக்கூட வழியில்லாத நாடு’ என்று அதைக் காட்டிச் சிரித்தவர்கள் உண்டு. உண்மை வேறு. ஆன்டெனாவைத் திறந்தவெளியில் வைத்துச் சோதிக்கும்போது பக்கத்தில் உலோகம் இருந்தால் அலைகள் பட்டுத் திரும்பி அளவீட்டைக் கெடுத்துவிடும். லாரி முழுக்க உலோகம், வண்டியோ மரம். சோதனைக்கு எது பொருத்தம் என்று பார்த்துப் பொறியாளர்கள் எடுத்த முடிவு அது.

உப்பு ஜாடியும் எலுமிச்சைப் பிழிவானும்

ஓரியனுக்குச் சரியாக ஒன்பது நாள் முன்னதாக, 1966 செப்டம்பர் 8 அன்று, அமெரிக்காவில் ‘ஸ்டார் டிரெக்’ தொடங்கியது. அதன் முதல் ஒளிபரப்பில் உப்பை உறிஞ்சும் ஒரு ஜந்து வரும். அதற்காக எதிர்காலத்து உப்பு ஜாடி வேண்டுமென்று, பொருட்களுக்குப் பொறுப்பானவர் கடைகளில் தேடி விதவிதமான நவீன ஜாடிகளை வாங்கி வந்தார். அவை பார்ப்பதற்கு அவ்வளவு புதுமையாக இருந்ததால், இது உப்பு ஜாடி என்று பார்வையாளருக்குப் புரியாதே என்ற கவலை வந்துவிட்டது. காட்சியில் சாதாரண ஜாடியையே வைத்தார்கள். வாங்கி வந்தவை வீணாகவில்லை. டாக்டர் மெக்காயின் அறுவைச் சிகிச்சைக் கருவிகளாகி, தொடர் முழுக்க நோயாளிகளைக் குணப்படுத்தின!

பிரிட்டனில் 1963இல் ‘டாக்டர் ஹூ’வுக்காக ரே கியூசிக் வடிவமைத்த டாலெக் எந்திரங்களுக்குக் கையாக அமைந்தது கழிவுநீர் அடைப்பெடுக்கும் ரப்பர் கிண்ணம். 1965இன் ‘தண்டர்பேர்ட்ஸ்’ பொம்மைத் தொடரில் ராக்கெட் ஏவுதளத்தின் சுவரில் ஒரு எலுமிச்சைப் பிழிவான் கம்பீரமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘ஸ்டார் வார்ஸ்’ நாயகனின் ஒளிவாள் பழைய கிராஃப்ளெக்ஸ் கேமராவின் ஃபிளாஷ் பிடி. கோடிகள் புரண்ட 1999ஆம் ஆண்டு ‘ஸ்டார் வார்ஸ்’ படத்திலும் ஒரு ஜெடாய் வீரரின் தகவல்கருவி, பெண்களுக்கான ஜில்லெட் சவரக்கத்தியை அச்செடுத்துச் செய்தது.

‘ஸ்டார் வார்ஸ்’ கலங்களின் உடம்பை நெருங்கிப் பார்த்தால் குழாய்களும் பெட்டிகளும் மேடுபள்ளங்களுமாக இருக்கும். கடையில் விற்கும் டாங்கி, கார் மாதிரிப் பொம்மைப் பெட்டிகளை வாங்கி, பாகங்களைப் பிய்த்து, எந்தப் பாகம் எதற்கென்ற கவலையே இல்லாமல் ஒட்டினார்கள். அவற்றில் எதற்கும் வேலை கிடையாது. ஆனால் பார்க்கிறவர் ‘இது ஏதோ குளிரூட்டும் குழாய் போலிருக்கிறது’ என்று தானாகவே ஒரு வேலையைக் கொடுத்துவிடுகிறார். பாதிக் கப்பலைக் கட்டுவது பார்வையாளரின் மூளைதான்.

கண்ணை ஏமாற்றும் கணக்கு

குப்பையை ஒட்டினால் மட்டும் கலம் ஆகிவிடாது. நிஷ்விட்ஸ் போன்ற தந்திரக் கலைஞர்களின் முழு உழைப்பும் ஒரே கேள்வியைச் சுற்றியது: சிறியதை எப்படிப் பெரியதாக நம்ப வைப்பது?

முதலில் வேகம். கையளவு பொம்மை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் அரை நொடிக்குள் தரையைத் தொட்டுவிடும். உண்மைக் கலம் பல மாடி உயரத்திலிருந்து விழ அதைவிட அதிக நேரமாகும். அந்த நேரத்தைத் திரையில் கொண்டுவர, கேமராவை வேகமாக ஓட்டிப் படமெடுத்துச் சாதாரண வேகத்தில் காட்டுவார்கள். எவ்வளவு வேகமாக என்பதற்குக் கணக்கு உண்டு. மாதிரி, உண்மையில் பதினாறில் ஒரு பங்கு என்றால் 16இன் வர்க்கமூலம் நான்கு. ஆகவே நொடிக்கு 24 படங்களுக்குப் பதில் 96 படங்கள். இன்று செல்போனில் இருக்கும் ‘ஸ்லோ மோஷன்’ அந்த வேலையை இலவசமாகச் செய்கிறது.

இரண்டாவது நெருப்பும் நீரும். இவை இரண்டும் சொன்னபடி சிறுக்காது. நீர்த்துளியின் அளவு எங்கும் ஒன்றுதான். தொட்டியில் எழும் அலையில் ஒரு துளி தெறித்தாலும் ‘இது தொட்டி’ என்று கண் கண்டுபிடித்துவிடும். கடலிலிருந்து விண்கலம் எழும்புவதை ஒவ்வொரு பகுதியிலும் காட்டத் துணிந்த ஓரியன் குழுவின் தைரியம் எவ்வளவு என்பது தொழில் தெரிந்தவர்களுக்குப் புரியும்.

மூன்றாவது நடிகர்கள். இஸ்திரிப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு மெக்லேன் குழுவினரில் ஒருவர் உதட்டோரம் சிரித்திருந்தாலும் ஏழு பகுதிகளும் காலி. அவர்கள் அதை உண்மை விசையாகவே நடத்தினார்கள். பெண் ஜெனரல், பெண் பாதுகாப்பு அதிகாரி என்று 1966இல் ஜெர்மனி பார்த்துப் பழகாத ஒரு சமூகத்தையும் அதே இறுக்கத்தோடு நடத்தினார்கள். சாமானுக்கு மதிப்பு அதைத் தொடும் விதத்தில் இருந்து வருகிறது.

எம்.ஜி.ஆர். ஏறிய பறக்கும் தட்டு

தட்டு வடிவ விண்கலத்தில் தமிழர்கள் ஓரியனுக்கு மூன்றாண்டு முந்தியவர்கள். 1963இல் வெளிவந்த ‘கலை அரசி’யில், இசை தெரியாத வேற்றுக்கிரகத்தார் பூமிக்கு வந்து, பாடும் பானுமதியைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அவரை மீட்க எம்.ஜி.ஆர். விண்வெளிக்கே போவார். ஏ.காசிலிங்கம் இயக்கிய இந்தப் படத்தை, வேற்றுக்கிரகவாசிகளைக் காட்டிய முதல் இந்தியப் படமாகச் சொல்வதுண்டு. தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது அதே 1963இன் நவம்பரில்தான். அதாவது, நாடு ராக்கெட் விடுவதற்கு முன்பே சென்னையின் கலை இயக்குநர்கள் விண்கலம் கட்டிவிட்டார்கள். எதைப் பார்த்துக் கட்டினார்கள்? பார்ப்பதற்கு எதுவுமே இல்லை. அங்கேயும் எதிர்காலத்துக்குக் கடை கிடையாது.

இன்றும் நம் வீடுகளில் இந்த வேலை வருடத்துக்கு ஒருமுறை நடக்கிறது. நவராத்திரிக் கொலுவில் படிகளுக்குக் கீழே பிள்ளைகள் போடும் பூங்காவைப் பாருங்கள். மணலும், கடுகு முளைத்த புல்லும், கண்ணாடித் துண்டில் குளமும் அந்தக் காலத்து வழக்கம். 2023 ஆகஸ்டில் சந்திரயான்-3 நிலாவில் இறங்கிய பிறகு வந்த கொலுக்களில், அட்டைப்பெட்டியில் செய்த விக்ரம் இறங்குகலமும் தீப்பெட்டியில் செய்த பிரக்யான் ஊர்தியும் செட்டியார் பொம்மைக்குப் பக்கத்தில் இடம்பிடித்தன. கொலு வைக்கும் குடும்பம் மியூனிக்கில் இருந்தாலும் மயிலாப்பூரில் இருந்தாலும் பூங்கா மட்டும் பிள்ளைகளின் அதிகாரத்தில்தான்.

நிஜ விண்வெளியிலும் இதே கதை

இதெல்லாம் சினிமா, விளையாட்டு. உண்மை விண்வெளியில் எல்லாம் துல்லியமாகத் திட்டமிட்டுத்தானே செய்வார்கள் என்று கேட்கலாம். 1970 ஏப்ரலில் அப்பல்லோ 13இன் ஆக்சிஜன் தொட்டி வெடித்தபோது, மூன்று வீரர்களும் இருவருக்கான நிலா இறங்குகலத்தில் ஒதுங்க வேண்டியதாயிற்று. அவர்கள் விடும் மூச்சிலிருந்து கரியமில வாயுவை நீக்கும் வடிகட்டிகள் தீர்ந்துகொண்டிருந்தன. தாய்க்கலத்தில் உபரி வடிகட்டிகள் இருந்தன, ஆனால் அவை சதுரம். இறங்குகலத்தின் துளையோ வட்டம். ஹூஸ்டனில் எட் ஸ்மைலியின் தலைமையில் பொறியாளர்கள், கலத்துக்குள் இருக்கும் பொருட்களை மட்டும் வைத்து ஒரு இணைப்பைச் செய்தார்கள்: பிளாஸ்டிக் பைகள், கையேட்டின் அட்டை, விண்வெளி உடையின் குழாய், ஒட்டுநாடா. செய்முறையை ரேடியோவில் ஒவ்வொரு படியாகப் படித்துக் காட்ட, வீரர்கள் மேலே அதையே செய்தார்கள். மூவரும் உயிரோடு திரும்பினார்கள்.

2006 பிப்ரவரி 3 அன்று சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து ஒரு ‘மனிதர்’ விண்வெளியில் மிதந்து விலகினார். உள்ளே ஆள் கிடையாது. வேலைக்காலம் முடிந்த ரஷ்ய விண்வெளி உடை ஒன்றுக்குள் ரேடியோவையும் மின்கலங்களையும் வைத்துச் செயற்கைக்கோளாக்கி விட்டிருந்தார்கள். பெயரே ‘சூட்சாட்’. தூக்கி எறியவேண்டிய சட்டை பூமியைச் சுற்றியது.

நம் பக்கத்துக் கதை இன்னும் சுவையானது. கரூர் மாவட்டம் பள்ளப்பட்டியைச் சேர்ந்த ரிஃபாத் ஷாரூக்கும் நண்பர்களும் சென்னையின் ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா அமைப்பின் வழியாகச் செய்த கலாம்சாட், வெறும் 64 கிராம். 2017 ஜூன் 22 அன்று நாசாவின் ஆய்வு ராக்கெட் அதை ஏற்றிச் சென்றது. அதன் அடுத்த வடிவமான கலாம்சாட் வி2, 2019 ஜனவரி 24 அன்று பி.எஸ்.எல்.வி. சி-44இல் போனது. எதில் உட்கார்ந்து வேலை செய்தது என்பதுதான் விஷயம். ராக்கெட்டின் நான்காம் நிலை, செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் விட்டதும் தன் வேலை முடிந்து விண்வெளிக் குப்பையாகிவிடும். அந்தக் காலி நிலையையே ஆய்வு மேடையாக்க இஸ்ரோ முடிவு செய்தது. அப்படி முதலில் ஏறிக்கொண்டது இந்த மாணவர் செயற்கைக்கோள். 2022 ஜூன் 30 முதல் ‘போயம்’ என்ற பெயரில் அந்த மேடை சூரியத்தகடும் நிலைநிறுத்தும் வசதியும் பெற்றுவிட்டது. காலிப் பெட்டியைத் தூக்கி எறியாத நம் வீட்டுப் புத்தி, சுற்றுப்பாதைக்கும் போய்விட்டது.

குப்பையிலிருந்து பாடம்

குப்பையை விளையாட்டாக்குவதைக் கல்வியாக்கியவர் அரவிந்த் குப்தா. 1975இல் கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து முடித்து, புனேவில் டெல்கோ லாரி தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1978இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டத்தோடு சேர்ந்தபோது, கிராமச் சந்தையில் கிடைக்கும் சாமான்களே பள்ளிக்கு ஆய்வுக்கூடமாகும் என்று கண்டுகொண்டார். சைக்கிள் வால்வு டியூபும் தீக்குச்சியும் சேர்ந்தால் முக்கோணம், கனசதுரம், வீட்டுக்கூரை எல்லாம் வரும். புனேவின் வானியல் ஆய்வு மையமான ஐயூகாவின் வளாகத்தில் பல ஆண்டுகள் குழந்தைகளுக்கான அறிவியல் மையத்தை நடத்தினார். 2018இல் பத்மஸ்ரீ பெற்றார்.

குப்தாவின் பொம்மைகளில் முக்கியமானது, குழந்தை அதை உடைக்கலாம். விலை கொடுத்து வாங்கிய பொம்மையை உடைத்தால் அடி விழும். குப்பைப் பொம்மையை உடைத்தால், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். மறுபடி வேறு மாதிரி செய்யலாம். பொறியாளருக்கு வேண்டிய பயிற்சி இந்தச் சுதந்திரத்தில் தொடங்குகிறது.

மியூனிக்கில் குப்பைக்கும் விலை உண்டு

ஓரியன் பிறந்த ஊரில் இன்று ஒரு குழந்தை வீட்டுச் சாமானில் ராக்கெட் செய்ய நினைத்தால் முதலில் ஒரு வினோதச் சிக்கல். காலி பிளாஸ்டிக் பாட்டில் அங்கே குப்பை இல்லை. 2003 முதல், ஒருமுறை மட்டும் பயன்படும் பான பாட்டிலுக்கு 25 சென்ட் முன்பணம். கடை எந்திரத்தில் திருப்பிக் கொடுத்தால்தான் காசு வரும். ராக்கெட்டுக்கு நான்கு பாட்டில் வெட்டினால் ஒரு யூரோ போச்சு! மியூனிக் தமிழ் வீடுகளில் அம்மாக்கள் ‘பாட்டிலைத் தொடாதே’ என்று சொன்னால் அதற்குக் காரணம் இருக்கிறது.

மற்றவற்றுக்குப் பஞ்சமில்லை. பாசிங் பகுதியில் மாநகரக் கழிவு மேலாண்மைத் துறையே ‘ஹாலே 2’ என்ற பழைய சாமான் கடையை நடத்துகிறது. நகரின் மறுசுழற்சி மையங்களில் மக்கள் கொண்டுவந்து போடுபவற்றில் இன்னும் உதவக்கூடியவற்றைப் பிரித்து அங்கே விற்கிறார்கள். மரியாஹில்ஃப் சதுக்கத்தில் ஆண்டுக்கு மூன்று முறை கூடும் ‘ஆவர் டுல்ட்’ சந்தையில், பாத்திரம் பண்டம் முதல் பழைய இரும்புச் சாமான் வரை பரப்பி வைத்திருப்பார்கள். வசந்த விழாச் சமயத்தில் தெரேசியன்வீசே மைதானத்தில் நடக்கும் பழம்பொருள் சந்தையில், அதிகாலையிலேயே கூட்டம் அலைமோதும்.

அந்த ஊரில் பொம்மைக் கலத்துக்கும் நிஜக் கலத்துக்கும் தூரம் குறைவு. நகருக்கு வெளியே ஓபர்ஃபாஃபன்ஹோஃபனில் இருக்கும் கட்டுப்பாட்டு மையம், விண்வெளி நிலையத்தின் ஐரோப்பிய ஆய்வுக்கூடமான கொலம்பஸை 2008 முதல் இயக்கி வருகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்கள் செய்த, பக்கத்துக்கு 10 சென்டிமீட்டர் உள்ள ‘ஃபர்ஸ்ட் மூவ்’ என்ற கனசதுரச் செயற்கைக்கோள், 2013 நவம்பரில் சுற்றுப்பாதை ஏறியது. மியூனிக் திரைப்படக் கல்லூரி மாணவராக இருந்தபோது ரோலண்ட் எமெரிக் எடுத்த படமே ஒரு விண்வெளி நிலையத்தைப் பற்றியதுதான். 1984இல் பெர்லின் திரைப்பட விழா அந்த மாணவர் படத்தோடு தொடங்கியது. பின்னாளில் அவர் ‘இண்டிபெண்டன்ஸ் டே’ எடுத்தது உலகுக்குத் தெரியும்.

வீட்டில் கட்டலாம் வாங்க

உருவத்தைத் தேடுங்கள். பொருளின் பெயரை மறந்துவிட்டு, விளக்கு வெளிச்சத்தில் அதன் நிழலைச் சுவரில் பாருங்கள். ஷாம்பு பாட்டில், புனல், பழைய டார்ச், இட்லித் தட்டு: எதன் நிழல் கலம் போல விழுகிறதோ அதுவே உடம்பு. முதலில் பெரிய உருவம், பிறகு நடுத்தரம், கடைசியில் நுணுக்கம். இந்த வரிசை தவறினால் குப்பை குப்பையாகவே தெரியும்.

நுணுக்கத்துக்குச் சின்னச் சாமான்கள். காலி மாத்திரை அட்டையின் குமிழ்கள் ஜன்னல் வரிசையாகும். பேனா மூடிகள் உந்து குழல்களாகும். கெட்டுப்போன ரிமோட்டைப் பிரித்தால் உள்ளே ஒரு நகரமே இருக்கும். ஒரே மாதிரிச் சின்னப் பொருள் பத்து இருந்தால் வரிசையாக ஒட்டுங்கள். அந்த வரிசைதான் கலத்தைப் பெரிதாகக் காட்டும்.

ஒட்டுவதில் கவனம். எண்ணெய், ஷாம்பு பாட்டில்களின் வழுவழுப்பான பிளாஸ்டிக்கில் பசை எளிதில் பிடிக்காது. உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கிவிட்டு ஒட்டுங்கள், அல்லது கம்பியால் கட்டுங்கள். தெர்மாகோல் மீது நேரடியாக ஸ்ப்ரே பெயின்ட் அடித்தால் கரைந்து குழிவிழும். முதலில் ஃபெவிகாலை இரண்டு பூச்சு பூசிக் காயவிடுங்கள்.

ஒரே நிறம் பூசுங்கள். இது மிக முக்கியம். சாம்பல் நிறம் ஒரு கை அடித்ததும் விளம்பர எழுத்தும், நாலு விதப் பிளாஸ்டிக்கின் நிறமும் மறைந்து எல்லாம் ஒரே உலோகமாகிவிடும். ஓரியன் கறுப்பு வெள்ளையில் வந்தது இந்த வகையில் ஸேஹெட்பவருக்குப் பெரிய உதவி. செயற்கைக்கோள் செய்வதென்றால் சாக்லேட்டின் பொன்னிறத் தாளைச் சுற்றுங்கள். நிஜச் செயற்கைக்கோள்களில் மின்னும் பொன்னிறமும், வெப்பத்தையும் குளிரையும் தடுக்கப் பல அடுக்காகப் போர்த்தும் மெல்லிய பூச்சுத்தாள்தான்.

படமெடுக்கும்போது பின்னால் கறுப்புத் துணி, ஒரே பக்கத்திலிருந்து ஒரே விளக்கு. விண்வெளியில் காற்று இல்லாததால் வெளிச்சம் சிதறாது. நிழல் கன்னங்கரேல் என்று விழும். போனைத் தாழ வைத்துக் கலத்தை அண்ணாந்து பார்க்கும்படி எடுங்கள்.

தொடக்கூடாதவை: பழைய பேட்டரி, குழல்விளக்கு, டியூப் டிவியின் உட்பாகங்கள், காலி ஸ்ப்ரே டப்பா. பழைய டிவியின் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும். குழல்விளக்கில் பாதரசம் உண்டு. பிளேடு வேலை பெரியவர்களுடையது.

மதிப்பெண் யாருக்கு?

பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு முதல் நாள் மாலை, ஸ்டேஷனரி கடைகளில் தெர்மாகோல் ராக்கெட் தயாராகத் தொங்குகிறது. அப்பா வாங்கி வருகிறார், அம்மா பெயர்ச்சீட்டு ஒட்டுகிறார், பிள்ளை மேசைக்குப் பின்னால் நின்று மனப்பாடம் ஒப்பிக்கிறது. மறுநாள் பரிசும் வாங்கிவிடுகிறது. அந்தப் பிள்ளை கற்றுக்கொண்டது ஒன்றுதான்: எதிர்காலம் கடையில் கிடைக்கும்.

இதை மாற்ற அரசாணை வேண்டாம். போகிக்கு முந்தைய வாரம் வீட்டைச் சுத்தம் செய்யும்போது, ஓர் அட்டைப்பெட்டியை நடுவில் வையுங்கள். எரிக்கவும் எடைக்குப் போடவும் எடுத்து வைத்தவற்றில் ஆபத்தில்லாததை முதலில் அதில் போடுங்கள். பெட்டி பிள்ளைகளுடையது என்று சொல்லிவிடுங்கள். ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த கண்காட்சியில் ‘இது என்ன?’ என்று கேட்பதற்கு முன்பு, ‘இது முன்பு என்னவாக இருந்தது?’ என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு முழு மதிப்பெண். விலைச்சீட்டைக் கிழித்த தடம் தெரிகிற ராக்கெட்டுக்குப் பூஜ்யம் போடுங்கள். அந்தப் பூஜ்யத்தைக் கடைக்காரருக்கும் அப்பாவுக்கும் பாதிப் பாதியாகப் பிரித்துக் கொடுத்துவிடலாம்.